முக்கால் டன் வண்டி

மார்ச் மாதத்தில் எங்கள் மணல்குன்றுப் பக்கம் யாருக்கும் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருப்பதில்லை. பசுக்கள் ஈனும் காலம். விடியுமுன் எழுந்து, எது ஈன்றது, எது முக்கிக்கொண்டு கிடக்கிறது, எந்தக் கன்று பனியில் விறைத்துப்போய்க் கிடக்கிறது என்று பார்த்துவர வேண்டும். நெப்ராஸ்காவில் இந்த மாதம் காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் பனி கொட்டும், சாயங்காலம் இரண்டும் சேர்ந்து சேறாகும். இந்த லட்சணத்தில் வெர்லின் கோவாரிக் அடுப்படி மேசையில் உட்கார்ந்து மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தான். பின்னால் சுமை ஏற்றுகிற பிக்கப் வண்டியில் பெரியது வாங்குவதா, நடுத்தரம் வாங்குவதா? அவன் யோசித்து முடிக்கிறவரை அவன் மாடுகளுக்கும் சேர்த்துத் தீனி போட்டது நான்.

நான் பக்கத்துப் பண்ணைக்காரன். பெயர் லைல். பக்கம் என்றால் ஏழு மைல் தள்ளி. எனக்கும் தலைக்கு மேல் வேலை கிடந்தது. ஆனால் எங்கள் ஊர் முறை அப்படி. ஒருவனுடைய வண்டி படுத்துவிட்டால் அவன் வாய் திறந்து உதவி கேட்கமாட்டான். நாமாகப் போய்ச் செய்ய வேண்டும். செய்ததைப் பற்றி இரண்டு பேரும் பேசக்கூடாது. அவன் ஒரு கோப்பை காபி ஊற்றுவான், குடித்துவிட்டு வந்துவிட வேண்டும். கேட்பது என்பதுதான் இங்கே பெரிய மானக்கேடு.

வெர்லினின் பழைய வண்டி முக்கால் டன் வண்டி. முழு அளவு பிக்கப்பில் கனமானதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முக்கால் டன் என்பது பேருக்கு. அது சுமப்பதும் இழுப்பதும் அதற்கு மேலே எவ்வளவோ. அந்த வண்டி எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

தனியாளாகத் தீனி போடுகிறவன் எங்கள் பக்கத்தில் செய்வது இது. வண்டியை ஆக அடிக் கியரில் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு சரட்டால் கட்டிவிட்டு இறங்கிவிடுவான். வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இவன் பின்னால் ஏறி நின்று, புல்கட்டுகளின் சரட்டை அறுத்து, புல்லைத் தள்ளிக்கொண்டே வருவான். மாடுகள் வரிசையாகப் பின்னால் வரும். முடிந்ததும் குதித்து, நாலு எட்டு ஓடி, முன்கதவைப் பிடித்துத் தொற்றி ஏறிக்கொள்வான். வெளியூர்க்காரன் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்பான். நாங்கள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்கிறோம், எங்கள் அப்பன்மாரும் அப்படித்தான் செய்தார்கள்.

போன வருஷம் வெர்லினுக்கு இடது முழங்காலை மாற்றி வைத்தார்கள். மாற்றிய கால் வலிக்கவில்லை, ஆனால் வளையவும் இல்லை. டாக்டர் குதிக்கக் கூடாது என்றார். வெர்லின் குதித்தான். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் அந்த வண்டி அவனை விட்டுவிட்டு ஆளில்லாமல் சரிவில் இறங்கிப்போய், காற்றாலைக் கோபுரத்தின் ஒரு காலில் மோத, கோபுரம் அதன் தலைமேலேயே விழுந்தது. பெட்ரோல் பங்கில் காலைக் காபி குடிக்கிற கூட்டத்திடம் வெர்லின், "கியர் சிக்கிக்கிச்சு," என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். கியர் சிக்கும் என்பது யாரும் கேள்விப்படாத விஷயம் அல்ல.

ஆனால் அன்று தரையில் புதுப்பனி இருந்தது. நானும் அவன் மனைவி ஆர்டிஸும்தான் முதலில் போய்ப் பார்த்தோம். டயர்த் தடம் ஒரு கோடாகப் போயிருந்தது. அதன் பக்கத்தில் பூட்ஸ் தடம். வலது கால் நன்றாகப் பதிந்திருந்தது. இடது காலின் நுனி இழுபட்டிருந்தது. கதவுக்கு நேராகச் சில அடி தூரம் இரண்டு கால்களும் தரையில் சறுக்கியிருந்தன, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். அதற்கப்புறம் டயர்த் தடம் மட்டும் போனது. பூட்ஸ் தடம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் பனி நன்றாக மிதிபட்டிருந்தது. ரொம்ப நேரம் நின்று பார்த்திருக்கிறான். ஆர்டிஸ் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அந்த வீட்டில் சண்டை. நான் தினமும் தீனி போட்டுவிட்டுக் கைகால் மரத்துப்போய் அடுப்படிக்குள் நுழைவேன். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

"சின்ன வண்டி போதும்," என்பாள் ஆர்டிஸ். ஆள் குள்ளம். அறுபத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலில் பெரிய அண்டாக்களைத் தூக்கித் தூக்கி இறுகிய தோள். "இப்ப வர்ற வண்டி எதுலயும் அந்த அடிக் கியரே கிடையாது. இனிமே ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் புல்லைத் தள்ளணும். ஓட்டப்போறது நான். அந்தப் பெரிய வண்டி மூக்குக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நேத்துப் பொறந்த கன்னு புல்லுக்குள்ள படுத்துக் கிடக்கும். அது மேல ஏத்திட்டு வந்து உங்கிட்ட என்ன சொல்றது?"

"தலையணை போட்டுக்கோ."

"தலையணை போட்டா கால் எட்டாது. ரெண்டு முனையும் பிடிச்சு என்னை இழுத்து நீட்டி விடப்போறியா?"

"லைல், நீ கேளு," என்பான் வெர்லின். "அவ சொல்ற வண்டியில பதினஞ்சு கட்டு ஏத்தினா குந்திக்கும். நான் முப்பது ஏத்துவேன். அப்ப ரெண்டு நடை. மாடு ஒரு நடைக்கு நிக்கும், இன்னொரு நடைக்கு நிக்குமா? அது கிடக்கட்டும். வாத்துக்கழுத்தை எதுல பூட்டறது?"

வாத்துக்கழுத்து என்பது நீள டிரெய்லர். மாடு ஏற்றுவது. அதன் கழுத்து வளைந்து வந்து பிக்கப்பின் முதுகில் இருக்கிற இரும்புக் குண்டின்மேல் உட்காரும். நடுத்தரப் பிக்கப்பில் அதைப் பூட்ட முடியாது. பூட்டினால் பிக்கப் முன்னங்காலைத் தூக்கிவிடும். அந்த டிரெய்லர் இல்லாமல் அக்டோபரில் கன்றுகளைச் சந்தைக்கு ஏற்ற முடியாது, மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிற நாளில் குதிரையோடு அடுத்தவன் பண்ணைக்குப் போய் நிற்க முடியாது. வாத்துக்கழுத்து இல்லாதவன் மாட்டுக்காரன் இல்லை. யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் மறுவாரமே எவனாவது வந்து, வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இந்த வருஷம் புல் நல்லா வரும்போல," என்பான். குத்தகைக்குக் கேட்கிறான் என்று அர்த்தம்.

இதில் எனக்கு ஒரு தர்மசங்கடம் இருந்தது. என் மருமகனுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். வெர்லினின் நிலம் எங்கள் வேலியை ஒட்டியது. அந்த நிலத்தின்மேல் எனக்கு இரண்டு வருஷமாக ஒரு கண். அது வெர்லினுக்கும் தெரியும், ஆர்டிஸுக்கும் தெரியும். ஒருவன் இன்னும் தீனி போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் புல்லைக் கேட்கக் கூடாது என்பதால் கேட்காமல் இருந்தேன். இப்போது இரண்டு பேரும் என்னிடம் நியாயம் கேட்கிறார்கள். சின்னது வாங்கு என்றால், புல்லுக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறான் என்றாகும். பெரியது வாங்கு என்றால், நல்லவன் வேஷம் போடுகிறான் என்றாகும். இருதலைக் கொள்ளி எறும்பாகக் காபியை ஊதி ஊதிக் குடிப்பேன்.

"நீ என்ன சொல்றே லைல்?"

"காபி நல்லா இருக்கு," என்பேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பாள் ஆர்டிஸ்.

மூன்றாவது வாரக் கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் பசு ஒன்று, வயிற்றில் கன்று மாறிக் கிடந்ததால், ஈன முடியாமல் செத்துப்போனது. நான் வெர்லினின் மாடுகளுக்குப் புல் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில். வீட்டுக்கு வந்து கையைக்கூடக் கழுவாமல் தொலைபேசியை எடுத்தேன்.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் கிளம்பி நில்லுங்க. என் பொண்டாட்டி கார்ல நார்த் பிளாட் டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன். பெருசோ சின்னதோ, கழுதை வண்டியோ, ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலைங்க."

"தீனி?" என்றான் வெர்லின்.

"வந்து போடலாம். ஒருநாள் லேட்டா தின்னா உன் மாடு ஒண்ணும் கோவிச்சுக்காது."

மறுநாள் காற்று தெற்கேயிருந்து அடித்தது. குன்றுகளின் வடக்கு முகத்தில் மட்டும் பனி ஒட்டிக்கொண்டிருந்தது, மற்ற இடமெல்லாம் பழைய புல்லின் மங்கல் நிறம். வெர்லின் முன்சீட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளி இடது காலை நீட்டிக்கொண்டான். பின்னால் ஆர்டிஸ் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வழி நெடுக எதிரே வந்த வண்டிகளுக்கு நான் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கினேன், எங்கள் ஊர் வணக்கம் அது. வெர்லினும் தூக்கினான். அது முழு அளவு வண்டியாக இருந்தால் மட்டும் தூக்கினான் என்பதை ஆர்டிஸ் கவனித்துவிட்டாள்.

"சின்ன வண்டிக்காரன் மனுஷன் இல்லையா?"

"எனக்குத் தெரியாத ஆளு."

"அவன் உன் பெரியம்மா பேரன், வெர்லின்."

"வண்டி அடையாளம் தெரியலை."

நார்த் பிளாட்டில் முதலில் சாப்பிட்டுவிடலாம் என்றேன். பசியோடு இவர்களைச் சமாளிக்க என்னால் ஆகாது. மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட சில்லி, கூடவே இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி. இனிப்பு ரொட்டியைக் காரக் குழம்பில் தோய்த்துத் தின்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நஷ்டம். ஆர்டிஸ் ரொட்டியின் மேலிருந்த சர்க்கரைப் பாகைக் கரண்டியால் வழித்து வெர்லினின் தட்டில் வைத்தாள். அவனுக்கு அது பிடிக்கும். சண்டைக்கு நடுவிலும் கை பழக்கத்தை விடவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "வண்டியைப் பத்தி இல்லை."

"வண்டியைப் பத்தித்தான் இருக்கும்."

"அன்னிக்கு அந்தக் காற்றாலைகிட்ட என்ன நடந்துச்சு?"

"கியர் சிக்கிக்கிச்சுன்னு சொன்னேன்ல."

ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். நான் சில்லியைப் பார்த்தேன்.

"சரி," என்றாள். "சாப்பிடு. ஆறிடும்."

வண்டிக் கடையில் டரெல் என்று ஒரு விற்பனைக்காரன். நல்ல பையன் என்று சொல்ல ஆசை, ஆனால் அவனுக்கே நாற்பது வயது. அவனுடைய அப்பாவும் மாடு வைத்திருந்தவர். இரண்டு வண்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். தனித்தனியாகப் பார்த்தால் நடுத்தரம் ஒன்றும் சின்னதாக இல்லை. பக்கத்தில் முழு அளவு நின்றபோதுதான் தாய்க்குப் பக்கத்தில் கன்று நிற்கிற மாதிரி ஆனது. பெரிய வண்டியின் மூக்கு ஆர்டிஸின் கழுத்து உயரம் இருந்தது.

முதலில் சின்னதில் ஏறினோம். ஆர்டிஸ் ஓட்டினாள். வெர்லின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, திரும்பி, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தான். சுலபமாக ஏறிவிட்டான். ஏறிய உடனே முகம் கறுத்துவிட்டது.

கடைவீதியைச் சுற்றி ஒரு வட்டம். ஆர்டிஸுக்குக் குஷி. "இங்க பாரு, வண்டி மூக்கு முனை வரைக்கும் தெரியுது. ஒரு கோழிக்குஞ்சு குறுக்கே வந்தாக்கூடத் தெரியும்."

"கோழியா வளர்க்கறோம்?"

"பிரேக் எவ்வளவு மெத்துனு பிடிக்குது பாரேன்."

"எதிர்க்காத்துல இது முக்கும்."

"இப்ப எதிர்க்காத்துலதான் போறோம், வெர்லின்."

"நம்ம ஊர்க் காத்து இல்லையே."

பின்சீட்டில் என் முழங்கால்கள் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு கட்சி சேர்ந்த பேச்சாகிவிடும்.

திரும்பி வந்ததும் பெரிய வண்டி. வெர்லினின் முகம் மலர்ந்தது. சுற்றி வந்தான். டயரை உதைத்தான். வலது காலால்தான். பின்கதவைத் திறந்து மூடினான். குனிந்து அடியில் பார்த்தான். முதுகில் வாத்துக்கழுத்தின் குண்டு பொருத்துகிற இடத்தைத் தட்டிப் பார்த்தான். டரெலிடம் அச்சு விகிதம் கேட்டான், எண்ணெய் மாற்றுகிற கணக்குக் கேட்டான், அவன் அப்பாவைப் பற்றிக் கேட்டான். இரண்டாம் முறை சுற்றி வந்தான். மூன்றாம் முறையும் சுற்றி வந்தான்.

"ஏறிப் பாரு," என்றாள் ஆர்டிஸ்.

"பாத்தாச்சு."

"வெளியே இருந்து பாத்தே. ஏறிப் பாரு."

"உள்ளே எல்லா வண்டியும் ஒண்ணுதான்."

"மூணு வாரமா பெருசு பெருசுன்னு ஒத்தக் கால்ல நின்னே. பெருசு வந்து நிக்குது. ஏறு."

வெர்லின் ஓட்டுகிறவன் பக்கக் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து புதுத்தோல் வாசம் வந்தது. கைப்பிடியைப் பிடித்தான். ஏறுபடி அவன் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தது. இங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால், ஏறுகிறவன் இடது காலைத்தான் முதலில் வைக்க வேண்டும். அவன் இடது கால் அவ்வளவு உயரம் மடங்கவில்லை. வலது காலை வைத்துப் பார்த்தான். உடம்பு குறுக்கே திரும்பிக்கொண்டது. இறக்கிவிட்டான். கண்ணாடியைச் சரி பார்க்க வந்தவன்போலப் பக்கக் கண்ணாடியைத் தொட்டான்.

காற்றில் கடையின் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. டரெல் உள்ளே போய், ஒரு தீவன வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்து, ஏறுபடிக்குக் கீழே வைத்தான். மனசாரத்தான் வைத்தான்.

வெர்லின் வாளியைப் பார்த்தான். "இது எதுக்கு? வண்டிக்குத் தண்ணி காட்டவா?"

"இல்லைங்க, ஒரு வசதிக்கு... நிறைய பேர் அப்படித்தான்..."

"எடு அதை."

டரெல் எடுத்துக்கொண்டு நாலு எட்டு தள்ளிப் போய் நின்றான்.

ஆர்டிஸ் அருகே வந்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"சொல்லு வெர்லின். 'என்னால ஏற முடியலை'ன்னு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லு. சொன்னா இந்தப் பெருசையே வாங்கறேன். தலையணை வெச்சு, கட்டையைக் காலுல கட்டிக்கிட்டு நானே ஓட்டறேன். சத்தியமா. ஆனா நீ சொல்லணும். மூணு வாரமா நானும் சுத்திச் சுத்தி வந்து கேக்கறேன், நீ பதினஞ்சு கட்டு முப்பது கட்டுன்னு எங்கிட்டக் கணக்குச் சொல்றே. நான் உன் பொண்டாட்டியா, தீவனக் கடைக்காரனா?"

வெர்லின் என் பக்கம் திரும்பினான்.

"லைல், உன் மருமகன் இன்னும் புல் தேடிட்டிருக்கானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாட்டை வித்துடறேன்," என்றான். "கன்னோட சேர்த்தே வித்துடறேன். மே மாசத்துல இருந்து நீங்க மேய்ச்சுக்குங்க. அவ சின்ன வண்டியை வாங்கிட்டுக் கடைக்குப் போய்ட்டு வரட்டும். தீர்ந்துதா? எல்லாருக்கும் சந்தோஷந்தானே?"

இரண்டு வருஷமாக நான் வாயைத் திறக்காமல் காத்திருந்த வார்த்தை. அது இப்படி ஒரு வண்டிக் கடை வாசலில், கோபத்தில், எலும்பை வீசுகிற மாதிரி என்மேல் வந்து விழுந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

"பொய் சொல்லாதே," என்றாள் ஆர்டிஸ். "உனக்கு வேணும்னு ஊருக்கே தெரியும்."

"வேணும்தான். யாரு இல்லேன்னா? ஆனா இப்படி வேண்டாம். ரெண்டு பேரும் என்னை நடுவுல போட்டு மிதிக்காதீங்க. என் பசு ஒண்ணு செத்துப்போச்சு, தெரியுமா உங்களுக்கு? உங்க வண்டிச் சண்டையில செத்துச்சு."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது எங்கள் ஊரில் உதவி செய்யாமலிருப்பதைவிடக் கேவலம். சொல்லிவிட்டேன்.

ஆர்டிஸ் விற்பனைக்காரன் பக்கம் திரும்பினாள். "டரெல், சின்னதுக்குப் பேப்பர் போடு. இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன்."

"சரிங்க."

"மாடு எங்கயும் போகலை," என்று வெர்லினைப் பார்க்காமல் சொன்னாள். "பதினஞ்சு கட்டுன்னா ரெண்டு நடை போறேன். நிக்கறது தின்னட்டும், நிக்காதது பட்டினி கிடக்கட்டும்."

"அக்டோபர்ல கன்னை முதுகுல தூக்கிட்டுப் போவியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் செய்யாததை அவள் செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"லைல். உங்கிட்ட வாத்துக்கழுத்து இருக்கு. வண்டியும் இருக்கு. அக்டோபர்ல எங்க கன்னுகளை நீ ஏத்திட்டுப் போவியா? கேக்கறேன். எனக்கு வெட்கமில்லை. வாயால கேக்கறேன், போவியா மாட்டியா?"

"போவேன்," என்றேன். காது மடல் சுட்டது.

"சூடு போடற அன்னிக்கு எங்க குதிரைகளையும்?"

"ஏத்திக்கறேன்."

"கேட்டுட்டா," என்றான் வெர்லின் யாரிடமோ. "நடு ரோட்டுல நின்னு கேட்டுட்டா." தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு என் காரை நோக்கிக் காலை இழுத்து இழுத்து நடந்தான்.

பேப்பர் முடிய மத்தியானம் போய்விட்டது. வெர்லின் காரை விட்டு இறங்கவே இல்லை. புது வண்டியில் அவளோடு வருகிறாயா என்று கேட்டேன். காதில் விழாதவன்போல இருந்தான். ஆர்டிஸ் தனியாக முன்னால் ஓட்டிப் போனாள், நாங்கள் பின்னால்.

பாதி வழி போயிருப்போம். வெர்லின் ஆரம்பித்தான். "எங்கப்பன் ஒருத்தன்கிட்டயும் டிரெய்லர் கேட்டதில்லை. செத்த பிறகுகூடச் சொந்த வண்டியிலதான் இடுகாட்டுக்குப் போனான்."

"தெரியும். பெட்டியை நானும் ஒரு பக்கம் தூக்கினேன்."

"அவ கேட்டிருக்கக் கூடாது."

"மூணு வாரமா உன் மாட்டுக்கு யாரு தீனி போட்டாங்க, வெர்லின்?"

"நான் உன்னைக் கேட்டேனா?"

காரை ஓரங்கட்டி இவனை இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றியது. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவனோடு யார் பேசுவது! ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் கேட்கவில்லைதான். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். முன்னால் அந்தச் சின்ன வண்டி மேட்டில் ஏறி மறைவதும் அடுத்த மேட்டில் தெரிவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. காற்று இப்போது வடக்கே திரும்பியிருந்தது, அந்த எதிர்க்காற்றிலும் வண்டி முக்கவில்லை. வெர்லினும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

அவர்கள் வீட்டுக்குப் போகிற மண்பாதை மேய்ச்சல் நிலத்தின் வழியாகப் போகும். அதன் வாயில் ஒரு கம்பிப் படல். முள்கம்பியும் நாலு குச்சியும் சேர்த்துக் கட்டியது. திறக்க வேண்டுமானால் கம்பத்தைத் தோளோடு அணைத்து நெருக்கி, வளையத்தைக் கழற்ற வேண்டும். ஓட்டுகிறவன் இறங்கமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன்தான் இறங்கித் திறந்து, வண்டி உள்ளே போனதும் மூடிவிட்டு வந்து ஏறிக்கொள்ள வேண்டும். இது எழுதாத சட்டம். அந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து இறங்கித் திறந்தவள் ஆர்டிஸ், உள்ளே உட்கார்ந்திருந்தவன் வெர்லின்.

ஆர்டிஸ் படலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. நான் அவளுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

"எதுக்கு நிக்கறா?" என்றான் வெர்லின்.

"படல்."

"அவளே திறந்துக்கட்டும். கை இல்லையா?"

"ஓட்டறவங்க இறங்கமாட்டாங்கல்ல."

அவள் எஞ்சினை அணைத்தாள். ஹாரன் அடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. தலை மட்டும் கண்ணாடி வழியே தெரிந்தது. காலையிலிருந்து தீனி காணாத மாடுகள் சத்தம் கேட்டுக் குன்றிலிருந்து இறங்கி வந்து படலுக்கு அந்தப் பக்கம் கூடிவிட்டன. கத்த ஆரம்பித்தன. கன்றுகள் இடையில் புகுந்து புகுந்து ஓடின. ஒன்று அன்றைக்குப் பிறந்தது, இன்னும் உடம்பு ஈரம் காயவில்லை. நானில்லாத நேரத்தில், யாரும் பார்க்காமல், தானாகப் பிறந்து எழுந்து நின்றிருக்கிறது.

வெர்லின் அதைப் பார்த்தான்.

"வெள்ளை மூஞ்சிக்காரி ஈன்னுட்டா," என்றான்.

மாடுகள் கத்தின. கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். யாரை என்று தெரியவில்லை. கதவைத் திறந்தான். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தான். எழுந்து, காரைப் பிடித்து நின்று, நடந்தான்.

நான் கண்ணாடியை இறக்கினேன். இறக்கியிருக்கக் கூடாதுதான். இறக்கினேன்.

அவன் படலுக்குப் போகவில்லை. ஆர்டிஸின் கதவருகே போய் நின்றான். அந்த வண்டியின் கூரைமேல் கையை ஊன்றிக்கொள்ள முடிந்தது, உயரம் அவ்வளவுதான். அவள் கண்ணாடியை இறக்கினாள். காற்று என் பக்கம் அடித்தது.

"அந்தப் பெருசுல என்னால ஏற முடியலை, ஆர்டிஸ்."

அவள் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் முடியலை. கியர் ஒண்ணும் சிக்கலை. கதவைப் பிடிச்சேன். பிடிச்சுத் தொங்கினேன். ஏற முடியலை. நான் நின்னுட்டேன், அது பாட்டுக்குப் போயிடுச்சு."

"தெரியும்," என்றாள் ஆர்டிஸ். "படலைத் திற, வெர்லின். மாடு பசியோட நிக்குது."